ஊமைப் பெட்டி பேசியது!

மதுக்கரை சிமெண்ட் ஆலைக்குப் பக்கத்தில் என் தங்கை குடியிருக்கிறாள். சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே போயிருந்தேன். வாசலில் நுழையும்போதே அழுகைச் சத்தம். தங்கை மகள் மூலையில் உட்கார்ந்து தேம்பிக் கொண்டிருந்தாள். பத்தாம் வகுப்புப் படிக்கிற பெண்.

"என்ன அம்மிணி, எதுக்கு அழுவறே?" என்று கேட்டேன்.

"லேப்டாப் பேச மாட்டேங்குதுங்க மாமா! படம் ஓடுது. டீச்சர் வாய் அசையுது. சத்தம் மட்டும் வரலீங்க!" என்றாள்.

பரீட்சைக்கு இரண்டே மாதம். அந்த வீட்டில் இருப்பது ஒரே ஒரு செல்போன். அதை அப்பா வேலைக்கு எடுத்துக் கொண்டு போய்விடுவார். அவர் திரும்பி வரும்போது ராத்திரி பதினொரு மணி. ஆகவே, கல்வித் தொலைக்காட்சியின் பாடங்களை அவள் பார்ப்பது அந்த லேப்டாப்பில்தான். 2016-ல் அவள் அண்ணன் பிளஸ் டூ படித்தபோது அரசாங்கம் கொடுத்த இலவச லேப்டாப் அது. அது ஊமையாகிவிட்டால் அவள் படிப்பும் பாதி ஊமைதான்.

"கடையில் காட்டினீர்களா?" என்று தங்கையிடம் கேட்டேன்.

"காட்டினோம் அண்ணா. போர்டு போச்சாம். 6,000 ரூபாய் ஆகுமாம். பழைய பெட்டிக்கு அது தண்டம், புதுசு வாங்கிக்குங்கன்னு சொல்லிட்டாங்க. புதுசுக்கு நாங்க எங்கே போறது?" என்றாள்.

நான் லேப்டாப்பை வாங்கி மடியில் வைத்தேன். செல்போனுக்கு வாங்கிய இயர்போன் ஒன்று சட்டைப் பையில் இருந்தது. அதை லேப்டாப்பின் துளையில் செருகி, பெண்ணின் காதில் வைத்தேன்.

அவள் முகம் மலர்ந்தது. "கேக்குதுங்க மாமா!" என்று கத்தினாள்.

போர்டு போகவில்லை! போயிருந்தால் இயர்போனில் மட்டும் பாட்டு எப்படி வரும்? 6,000 ரூபாய் கேட்ட இடத்தில் இந்த ஒரு சோதனையைக்கூடச் செய்து பார்க்கவில்லை.

எல்லாக் கடைக்காரர்களும் இப்படி என்று நான் சொல்லமாட்டேன். ஐம்பது ரூபாயில் வேலையை முடித்து அனுப்புகிற நல்லவர்களும் இருக்கிறார்கள். ஆனால், நமக்கு நாலு விஷயம் தெரிந்திருந்தால் யாரும் நம்மை ஏமாற்ற முடியாது. அதைச் சொல்லவே இன்று எழுதுகிறேன்.

லினக்ஸ் என்பது என்ன?

கம்ப்யூட்டர் வெறும் இரும்பும் தகடும்தான். அதை ஆட்டி வைப்பதற்கு ஓர் அடிப்படை மென்பொருள் வேண்டும். பலர் அறிந்தது விண்டோஸ். அதுபோல இன்னொன்றுதான் லினக்ஸ்.

1991-ல் பின்லாந்து நாட்டில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற கல்லூரி மாணவர் இதைத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது 21. எழுதியதைப் பூட்டி வைக்காமல் உலகத்துக்கே கொடுத்தார். இன்று உலகெங்கும் உள்ளவர்கள் கூடி அதை வளர்க்கிறார்கள். காசு கொடுக்காமலே எடுத்துக் கொள்ளலாம்.

தமிழ்நாட்டுக்கும் இது புதிதல்ல. 2011 செப்டம்பர் 15-ந் தேதி திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில், அன்றைய முதல்-அமைச்சர் ஜெயலலிதா இலவச லேப்டாப் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். அந்தப் பெட்டிகளில் விண்டோஸோடு "பாஸ்" என்ற லினக்ஸும் சேர்ந்தே வந்தது. அதை உருவாக்கியது மத்திய அரசின் சி-டாக் நிறுவனம்.

லட்சக்கணக்கான வீடுகளுக்குப் போன பெட்டிகள் அவை. இன்று அவற்றில் பல பரணில் கிடக்கின்றன.

இதற்கிடையே 2025 அக்டோபர் 14-ந் தேதி, விண்டோஸ் 10-க்கு வழக்கமாகக் கொடுத்து வந்த பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாப்ட் நிறுத்தியது. அடுத்து வந்த விண்டோஸ் 11-ஐப் பழைய பெட்டிகள் பல ஏற்பதில்லை. "பெட்டி நல்லாத்தானே இருக்கு, என்ன செய்வது?" என்று திகைத்தவர்கள் பலர் லினக்ஸைப் போட்டுக் கொண்டார்கள். என் தங்கை மகனும் அப்படித்தான் போட்டிருக்கிறான். பெட்டி வேகமாக ஓடுகிறது. சத்தம்தான் தகராறு.

தண்ணீர் எங்கே நின்றது?

கொங்கு நாட்டுக்காரர்களுக்கு இதைச் சொல்வது சுலபம். காட்டுக்குத் தண்ணீர் வரவில்லை. என்ன செய்வோம்? உடனே மோட்டாரைக் கழற்றிக் கோவைக்குத் தூக்கிப் போவோமா? மாட்டோம். கரண்ட் இருக்கிறதா, பியூஸ் போயிருக்கிறதா, கேட்வால்வு மூடியிருக்கிறதா, மடை வேறு பக்கம் திறந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாய்ப் பார்ப்போம். கடைசியில்தான் மோட்டாரில் கை வைப்போம்.

சத்தமும் தண்ணீரைப் போலத்தான். சத்தத்தை உண்டாக்கும் சில்லு மோட்டார். அதை இயக்க லினக்ஸுக்குள் "ஆல்சா" என்று ஒரு பகுதி இருக்கிறது. அதன் மேல் "பல்ஸ் ஆடியோ" அல்லது புதிதாக வந்த "பைப்வயர்" உட்கார்ந்திருக்கிறது. அவர் மடை திறந்து விடுகிறவர். பாட்டை எந்த வழியில் அனுப்புவது என்று தீர்மானிக்கிறவர். கடைசியில் இருக்கும் ஸ்பீக்கர்தான் காடு.

தண்ணீர் எந்த இடத்தில் நின்றது என்று கண்டுபிடித்தால் வேலை முடிந்தது.

வரிசையாகப் பாருங்கள்

முதலில் இயர்போன் சோதனை. இயர்போனில் சத்தம் வந்தால் சில்லு உயிரோடு இருக்கிறது. ஸ்பீக்கருக்குப் போகும் வழியில்தான் கோளாறு. இயர்போனிலும் வராவிட்டாலும் பயப்படாதீர்கள். மேலே படியுங்கள்.

இரண்டாவது, வாய்ப்பூட்டு. கீ-போர்டின் மேல்வரிசையில் ஸ்பீக்கர் படம் போட்டு, அதைக் கோடு கிழித்த ஒரு பொத்தான் இருக்கும். குழந்தை தெரியாமல் அமுக்கியிருக்கலாம். பாட்டு ஓடும் ஜன்னலிலும் தனியாக ஒரு வாய்ப்பூட்டு உண்டு. இரண்டையும் பாருங்கள்.

மூன்றாவது, மடை. லேப்டாப்பின் "சவுண்டு" பக்கத்தைத் திறந்தால், சத்தம் வெளியே போகும் வழிகள் வரிசையாக இருக்கும். ஒன்று ஸ்பீக்கர். இன்னொன்று எச்.டி.எம்.ஐ. இது டி.வி.க்குப் போகும் கம்பி. என்றைக்கோ பொங்கலுக்கு டி.வி.யில் படம் பார்க்க அந்தக் கம்பியைச் செருகியிருப்பீர்கள். கம்பியைப் பிடுங்கிய பிறகும் மடை அந்தப் பக்கமே திறந்திருந்தால், தண்ணீர் பக்கத்துக் காட்டுக்குத்தான் போகும்! ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுங்கள். போதும்.

நான்காவது, வால்வு. லினக்ஸில் "டெர்மினல்" என்ற கறுப்பு ஜன்னல் உண்டு. அதைத் திறந்து "ஆல்சாமிக்சர்" என்று ஆங்கில எழுத்தில், இடைவெளி விடாமல் அடித்து, என்டர் தட்டுங்கள். கம்பம் கம்பமாக ஒரு படம் வரும். ஒவ்வொரு கம்பமும் ஒரு வால்வு. கம்பத்தின் அடியில் இரண்டு "எம்" எழுத்து தெரிந்தால் வால்வு மூடியிருக்கிறது. அந்தக் கம்பத்துக்குப் போய் "எம்" பொத்தானைத் தட்டினால் திறந்து கொள்ளும். மேல் அம்பைத் தட்டினால் சத்தம் ஏறும். "மாஸ்டர்" திறந்திருந்து "ஸ்பீக்கர்" மூடிக் கிடப்பது உண்டு. கம்பங்களே சரியாகத் தெரியாவிட்டால் "எஃப் 6" தட்டி, வேறு சவுண்டு கார்டைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள்.

ஐந்தாவது, முழு ஓய்வு. விண்டோஸும் லினக்ஸும் ஒரே பெட்டியில் இருந்தால், விண்டோஸிலிருந்து நேரே லினக்ஸுக்குத் தாவும்போது சில பெட்டிகளில் சத்தம் போய்விடும். பெட்டியை முழுவதும் அணைத்து, சார்ஜரைப் பிடுங்கி, ஒரு நிமிஷம் விட்டுப் பிறகு லினக்ஸைத் திறந்து பாருங்கள்.

ஆறாவது, மாற்று வைத்தியர். ஒரு பென் டிரைவில் வேறொரு புது லினக்ஸை ஏற்றி, அதிலிருந்தே பெட்டியை ஓட்டிப் பார்க்கலாம். உள்ளே இருப்பதை எதுவும் அழிக்க வேண்டியதில்லை. "நிறுவாமல் முயன்று பார்" என்ற வழியைப் பிடித்தால் போதும். அதில் சத்தம் வந்தால், சில்லும் ஸ்பீக்கரும் நன்றாகவே இருக்கின்றன. பழைய மென்பொருளில்தான் குறை. அதைப் புதுப்பித்தால் தீரும்.

இத்தனைக்கும் மசியாவிட்டால்தான் ஸ்பீக்கர் கம்பியையும் போர்டையும் சந்தேகிக்க வேண்டும். அப்போதும் ஒரு வழி இருக்கிறது. யு.எஸ்.பி. துளையில் செருகும் சிறிய சவுண்டு கார்டு, சில நூறு ரூபாயில் கிடைக்கிறது. அதில் இயர்போனை மாட்டினால் பாடம் கேட்கலாம்.

ஓர் எச்சரிக்கை. லேப்டாப்பின் அடிப்பக்கம் உப்பியிருந்தால் பாட்டரி வீங்கியிருக்கிறது என்று அர்த்தம். அதைக் குத்தாதீர்கள், நெம்பாதீர்கள். தீப்பிடிக்கும். சார்ஜ் போடுவதை நிறுத்தி, தெரிந்தவரிடம் கொடுங்கள்.

மதுக்கரைப் பெட்டிக்கு என்ன நோய்?

தங்கை வீட்டுப் பெட்டியில் ஒரு விந்தை நடந்தது. இயர்போனைப் பிடுங்கிய பிறகும், "இயர்போன் மாட்டியிருக்கிறது" என்றே சவுண்டு பக்கம் காட்டியது!

அந்தத் துளைக்குள் ஒரு சிறிய சுவிட்ச் இருக்கிறது. இயர்போன் உள்ளே போனால் அது அசையும். உடனே ஸ்பீக்கர் வாயை மூடிக் கொள்ளும். தூசி அடைந்து அந்தச் சுவிட்ச் ஒட்டிக் கொண்டது. பெட்டி, "இயர்போன் இருக்கிறதே, நான் ஏன் பேச வேண்டும்?" என்று மரியாதையாக மௌனம் காத்தது.

பெட்டியை அணைத்தேன். துளையில் ஊதித் தூசியை எடுத்தேன். இயர்போனைப் பத்துப் பன்னிரண்டு தடவை செருகிப் பிடுங்கினேன். திறந்தோம். வாத்தியாரம்மா கணீரென்று கணக்குப் பாடம் சொன்னார்! செலவு பூஜ்யம்.

இப்படிச் செய்தும் சுவிட்ச் விடாவிட்டால், ஆல்சாமிக்சரில் "ஆட்டோ மியூட்" என்ற கம்பம் இருக்கும். அதை நிறுத்தி வைத்தால், இயர்போன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஸ்பீக்கர் பேசும்.

நம் ஊருக்கு இது தெரியாதா?

கோவைக்காரனுக்குப் பழுது பார்க்கச் சொல்லித் தர வேண்டுமா? ஜி.டி. நாயுடு பிறந்த மண் இது. வெள்ளைக்கார அதிகாரியின் மோட்டார் சைக்கிளை ஆசைப்பட்டு வாங்கி, அக்கக்காகப் பிரித்துப் பார்த்துக் கற்றவர் அவர். ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குச் செய்ய முடியும் என்று 1941-ல் சொன்னவர். பிரித்துப் பார்க்கப் பயப்படாததால்தான் இந்த ஊரில் மோட்டாரும் பம்ப்செட்டும் பிறந்தன.

அந்தத் துணிச்சல் கம்ப்யூட்டர் விஷயத்தில் நமக்கு ஏன் இல்லை? "பழசு, தூக்கிப் போடு" என்று யாரோ சொன்னால் உடனே நம்பிவிடுகிறோம்.

மதுக்கரையிலிருந்து எட்டிமடையைத் தாண்டிப் போனால் வாளையாறு. அதற்கு அப்பால் கேரளம். அங்கே அரசுப் பள்ளிகளின் கம்ப்யூட்டர்களில் பல வருஷமாக லினக்ஸ்தான் ஓடுகிறது. 2018-ல் "லிட்டில் கைட்ஸ்" என்று பள்ளிகளில் மாணவர் சங்கம் தொடங்கினார்கள். பிள்ளைகளே கம்ப்யூட்டரைக் கையாளவும் பராமரிக்கவும் பழகுகிறார்கள். வாளையாற்றுக்கு அந்தப் பக்கம் முடிகிற காரியம் இந்தப் பக்கம் முடியாதா?

என் யோசனை மூன்று.

ஒன்று: அரசுப் பள்ளிகளில் மாதம் ஒரு சனிக்கிழமை மத்தியானம் "பழுது பார்க்கும் நாள்" நடத்த வேண்டும். பழைய இலவச லேப்டாப்புகளை ஊர்க்காரர்கள் கொண்டு வரட்டும். ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் மாணவர்கள் வந்து சொல்லிக் கொடுக்கட்டும்.

இரண்டு: இனி அரசாங்கம் கொடுக்கும் ஒவ்வொரு கம்ப்யூட்டரோடும், படம் போட்ட ஒரு தமிழ்க் கைப்புத்தகம் கொடுக்க வேண்டும். சத்தம் வராவிட்டால், சார்ஜ் ஏறாவிட்டால், வலைத்தொடர்பு வராவிட்டால் என்ன செய்வது என்று அதில் இருக்க வேண்டும். 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப் அல்லது டேப்லெட் தரப்படும் என்று 2025 மார்ச் மாதத்து பட்ஜெட்டில் அறிவித்தார்கள். பெட்டி கொடுப்பது பெரிய உதவி. அதைக் காப்பாற்றும் வித்தையையும் சேர்த்துக் கொடுத்தால் உதவி இரட்டிப்பாகும்.

மூன்று: கடைக்காரர்கள், என்ன சோதித்தோம், என்ன கண்டோம் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதித் தர வேண்டும். டாக்டர் சீட்டு எழுதுவது போலத்தான். நாமும் அதைக் கேட்டு வாங்க வேண்டும்.

"இதற்கெல்லாம் நேரம் ஏது? புதிது வாங்கினால் போகிறது" என்று வசதி உள்ளவர்கள் சொல்லலாம். வாங்கட்டும். ஆனால் தினக்கூலி வீட்டில் ஒரு லேப்டாப் என்பது பல மாதச் சம்பளம். அது ஊமையானால் ஒரு பிள்ளையின் பள்ளிக்கூடம் மூடியது போல.

நான் புறப்படும்போது தங்கை மகள் வாசல்வரை வந்தாள். "மாமா, எங்க கிளாஸ்ல இன்னும் ரெண்டு பேரு வீட்ல இதே மாதிரி பெட்டி பரண்ல கெடக்குதுங்க. அந்த இயர்போனை வச்சுட்டுப் போறீங்களா? நானே பாத்துக்குறேன்" என்றாள்.

கொடுத்துவிட்டு வந்தேன்.

உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு ஊமைப் பெட்டி இருக்கலாம். இன்று ஞாயிற்றுக்கிழமை. இறக்கித் தூசி தட்டுங்கள். கடைக்குக் கொண்டுபோகும் முன் ஓர் இயர்போனைச் செருகிப் பாருங்கள்!