அக்கிலிஸ் அறுந்தா கத்தி வச்சே ஆகணுமா?

"ஆபரேஷன் பண்ணலைன்னா இனிமே ஒழுங்கா நடக்க முடியாது." குதிகால் தசைநாண் அறுந்து வர்றவங்ககிட்ட எடுத்த எடுப்புலயே இப்படிச் சொன்னா, ஆதாரம் என்னன்னு கேளுங்க.

2022ல நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்ல நார்வே ஆய்வு ஒண்ணு வந்தது. 526 பேர். ஆபரேஷன் இல்லாதவங்க, திறந்து தைச்சவங்க, சின்னத் துளை வழியா தைச்சவங்கன்னு மூணு குழு. ஒரு வருஷம் கழிச்சு காலோட செயல்பாட்டுல பெரிய வித்தியாசமே இல்லை.

மறுபடி அறுந்தது? இதுல ஆபரேஷன்தான் ஜெயிக்குது, மறைக்க வேண்டாம். கத்தி வைக்காதவங்கள்ல 6.2%, வச்சவங்கள்ல 0.6%. ஆனா நரம்பு பாதிப்பு அப்படியே தலைகீழ்: 0.6%, திறந்து தைச்சதுல 2.8%, சின்னத் துளையில 5.2%. (ஆமா, "சின்னத் துளை சார், ஒண்ணும் ஆகாது"ன்னு விக்கிறாங்களே, அதேதான்.) எந்த ரிஸ்க் பரவாயில்லைன்னு நீங்க முடிவு பண்ணணும். பேக்கேஜ் ரேட் முடிவு பண்ணக்கூடாது.

உடனே "அப்போ எண்ணெய் தடவி உருவிக்கிறேன்"னு கிளம்பிடாதீங்க! ஆபரேஷன் இல்லாத சிகிச்சையும் சிகிச்சைதான். முதல் சில நாள்லயே பாதத்தைக் கீழ்நோக்கி நீட்டிவச்சு மாவுக்கட்டோ பூட்டோ போடணும். அப்பதான் அறுந்த முனைகள் கிட்ட வரும். அப்புறம் வாரக்கணக்குல கொஞ்சம் கொஞ்சமா கோணத்தைக் குறைக்கணும். அதுக்கப்புறம் மாசக்கணக்குல பிசியோதெரபி.

சுளுக்குன்னு நினைச்சு ஒரு மாசம் நொண்டிட்டு வந்தீங்கன்னா மேல சொன்ன கணக்கு எதுவும் உங்களுக்குப் பொருந்தாது. பின்னாடி யாரோ உதைச்ச மாதிரி இருந்ததா? அன்னிக்கே டாக்டர்கிட்ட போங்க. குப்புறப் படுக்கவச்சு கெண்டைக்காலை அழுத்திப் பார்ப்பார். பாதம் அசையலைன்னா அறுந்திருக்க வாய்ப்பு ரொம்ப அதிகம். அதுக்கு ஸ்கேன்கூட தேவைப்படாது.