சங்கத்தால் வாழ்ந்தவர்களே, சங்கத்தைத் திட்டாதீர்கள்

நேற்று நம் ஓய்வூதியர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு நண்பர் எழுதியிருந்தார்: "சங்கம், ஸ்டிரைக் என்று போனால் கம்பெனி வேறு மாநிலத்துக்குப் போய்விடும்." பத்துப் பேர் அதற்குக் கட்டைவிரல் காட்டியிருந்தார்கள்.

ஐயா, 2003 மறந்துவிட்டதா? வேலைநிறுத்தம் செய்தோம் என்று ஏறத்தாழ 1,70,000 அரசு ஊழியர், ஆசிரியர்களை ஜெயலலிதா அரசு டிஸ்மிஸ் செய்ததே! அன்று நம்மைத் தாங்கியது சங்கம்தானே? எதிர்க்கட்சியாக இருந்த திமுகவும் நமக்காகப் பேசியது.

அதே திமுக ஆட்சியில், 2024 செப்டம்பர் 9 முதல் 37 நாள் நம் மாவட்டத்துச் சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் தொழிலாளர்கள் போராடினார்கள். முக்கியக் கோரிக்கை, சங்கத்தைப் பதிவு செய்யுங்கள் என்பது. 1926-ஆம் ஆண்டுச் சட்டம் தந்த உரிமை அது. கிடைத்ததோ கைது. பந்தலையும் பிரித்தார்கள். பதிவு 2025 ஜனவரியில்தான் வந்தது, அதுவும் உயர்நீதிமன்றம் சொன்ன பிறகு. நெசவாளர் குடும்பத்தில் பிறந்த அண்ணாவின் மண்ணில் இந்தக் கதி!

எதற்கெடுத்தாலும் "அமெரிக்காவைப் பார்" என்கிறவர்களுக்கு: 2023 செப்டம்பரில் மிச்சிகனில் கார் தொழிலாளர் மறியலில் அதிபர் பைடனே போய் நின்றார். பாசத்தால் அல்ல. அந்த ஓட்டுகள் அவருக்குத் தேவைப்பட்டன.

நாமோ தறிக்காரர் தனி, கம்பெனிப் பிள்ளைகள் தனி, பென்ஷன்காரர் தனி என்று பிரிந்து கிடக்கிறோம். பிறகு யார் நம்மை மதிப்பார்கள்?

ஓட்டுக் கேட்டு எந்தக் கட்சி வாசலுக்கு வந்தாலும் கேளுங்கள்: "அடுத்த சங்கமும் கோர்ட்டுக்குப் போய்த்தான் பதிவு வாங்க வேண்டுமா?"