விடை மட்டும் போதுமா?

கணக்கில் விடை சரியாக இருந்தாலும், வழி எழுதாவிட்டால் பாதிப் புள்ளியை வெட்டிவிடும் ஆசிரியர்களிடம் படித்தவர்கள் நாங்கள். பத்திரிகைக்கு வந்ததும் அந்தப் பாடத்தை வசதியாக மறந்தோம்.

2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களில், கொட்டாஞ்சேனையை அடுத்த கொச்சிக்கடை புனித அந்தோனியார் தேவாலயம் உள்ளிட்ட இடங்களில் கொல்லப்பட்டோர் 359 பேர் என்றார்கள். ஏப்ரல் 25ஆம் திகதி சுகாதார அமைச்சு அதனை ஏறத்தாழ 253 எனத் திருத்தியது. சிதைந்த உடல்களை எண்ணியதில் நேர்ந்த தவறாம். நூற்றுக்கு மேற்பட்ட உயிர்கள் கணக்கிலிருந்து நீங்கின. வாசகர் கையில் இருந்தவை இரண்டு விடைகள் மாத்திரமே.

வெள்ளவத்தையில் என் தங்கையின் மகன் 'ஜூப்பிட்டர் நோட்புக்' என்ற மென்பொருளில் வேலை செய்கிறான். தரவு, கணக்கிடும் கட்டளை, விடை, விளக்கக் குறிப்பு யாவும் ஒரே பக்கத்தில் அடுத்தடுத்து நிற்கின்றன. ஓர் எண்ணை மாற்றி மீண்டும் இயக்கினால் விடையும் மாறுகிறது. "இது விஞ்ஞானிகளுக்கானது மாமா, உங்களுக்கு எதற்கு?" என்றான். எங்களுக்குத்தானே முதலில் வேண்டும்!

2016 ஜனவரியில் பஸ்ஃபீட் நியூஸ், பிபிசியுடன் சேர்ந்து டென்னிஸ் ஆட்ட மோசடியை வெளிக்கொணர்ந்தபோது, 26,000 ஆட்டங்களின் பந்தய விகிதங்களை ஆராய்ந்த கணக்கை இத்தகைய நோட்புக்காகவே வெளியிட்டது. வீரர்களின் பெயர்களை அது மறைத்திருந்தது. வாசகர் சிலர் அதே கணக்கைத் திரும்பப் போட்டுப் பெயர்களை ஊகித்துவிட்டனர். ஆகவே எதை வெளியிடுவது என்ற பொறுப்பு ஆசிரியபீடத்தை விட்டு நீங்காது.

நோட்புக்கும் பொய் சொல்லும் என்பார்கள். உண்மை. கிட்ஹப் தளத்தின் 14 இலட்சம் நோட்புக்குகளைப் பற்றிய 2019 ஆய்வொன்றில், மீண்டும் இயக்கியவற்றில் பழைய விடையையே தந்தவை ஏறத்தாழ 4 சதவீதம். ஆனால், அங்கே பிழை அகப்பட்டது. அச்சிட்ட வெறும் விடையில் அதுவும் அகப்படாது.

தமிழ் தடையென்ற சாக்கும் செல்லாது. பைதான் 3 மொழியில் மாறிகளுக்கே தமிழ்ப் பெயர் இடலாம்.

1983 ஜூலையில் கொல்லப்பட்ட தமிழர் எத்தனை பேர்? 400 என்பாரும் உளர். 3,000 என்பாரும் உளர். வெள்ளவத்தையில் இருந்துகொண்டு இரண்டு எண்களையும் நானே வெவ்வேறு கட்டுரைகளில் எழுதியிருக்கிறேன். எப்படி எண்ணினார்கள் என்று ஒருமுறையேனும் கேட்டேனில்லை.