திருப்புளியும் வீட்டுப் பொருளே

சித்திரை, வைகாசித் திங்கள்களில் புத்தூரின் வெயில் 40 பாகை செல்சியசை எளிதில் கடந்துவிடும். ரேணிகுண்டாவிலிருந்து அரக்கோணம் செல்லும் இருப்புப்பாதையில் அமைந்த இவ்வூரிலும், அதனை அடுத்த நகரி, நாராயணவனம் ஆகிய ஊர்களிலும் விசைத்தறிகள் பல இயங்குகின்றன. தறி ஓடும் தெருவில் நூலிலிருந்து உதிரும் பஞ்சிழை சன்னல் கம்பியிலும் மின்விசிறியின் இறக்கையிலும் படிந்திருப்பதைக் காணலாம். அதே இழை, அவ்வீட்டுப் பிள்ளைகள் படிக்கும் மடிக்கணினிக்குள்ளும் புகுகிறது. அங்கே படிவது கண்ணுக்குத் தெரிவதில்லை. தேர்வு நெருங்கும் வேளையில் கணினி கொதித்துத் திடீரென அணையும்போதுதான் வீட்டார் அதனை அறிகின்றனர்.

அப்போது சிலர் மேசை விசிறியைக் கணினியின் பக்கம் திருப்பி வைத்து நாளைக் கடத்துவர். வேறு சிலர், அதன் காலம் முடிந்தது என்று கருதிப் புதியது வாங்கக் கடன் தேடுவர். ஒரே கணினியை அண்ணனும் தங்கையும் முறை வைத்துப் பயன்படுத்தும் வீட்டிற்கு அக்கடன் பெருஞ்சுமை. பெரும்பாலான நேரங்களில் இவ்விரண்டுமே வேண்டாதவை. மிதிவண்டிச் சங்கிலிக்கு எண்ணெய் இடுவதும், தையல் இயந்திரத்தில் சேர்ந்த நூற்பிசிறை நீக்குவதும் எப்படி வீட்டு வேலைகளோ, சூடேறும் மடிக்கணினியைத் தூய்மை செய்வதும் அப்படி ஒரு வீட்டு வேலைதான். அதனை அவ்வாறு கற்பிக்காமல் விட்டதே குறை.

சூடு வெளியேறும் வழியை அறிந்தால் அச்சம் பாதி நீங்கும். செயலியின்மேல் ஒரு செப்புத் தகடு அழுந்தி நிற்கும். இரண்டிற்கும் இடையிலுள்ள நுண்ணிய இடைவெளியை நிரப்ப, வெப்பத்தைக் கடத்தும் பசை பூசப்பட்டிருக்கும். தகட்டிலிருந்து தட்டையான செப்புக்குழாய் ஒன்று விசிறி வரை செல்லும். காற்று நீக்கப்பட்ட அக்குழாயினுள் சிறிதளவு நீர் இருக்கும். சூடான முனையில் நீர் ஆவியாகிக் குளிர்ந்த முனைக்கு ஓடும். அங்கே மீண்டும் நீராகி, குழாயின் உட்சுவரிலுள்ள திரி போன்ற அமைப்பின் வழியே திரும்பி வரும். குளிர்ந்த முனையில் சீப்பின் பற்களைப்போல் நெருங்கிய உலோக இதழ்கள் உண்டு. விசிறி அடிப்புறத் துளைகளால் காற்றை இழுத்து அவ்விதழ்களின் ஊடே வெளியே தள்ளும். பஞ்சிழை சிக்கும் இடம் இதுவே. விசிறிக்கும் இதழ்களுக்கும் நடுவே அது கம்பளித் துண்டைப்போல் படிந்துவிடுகிறது. வெளியிலிருந்து எத்தனை முறை துடைத்தாலும் அது வாராது.

இதில் ஊரின் வெயிலுக்கும் பங்குண்டு. இரண்டு இடங்களுக்கிடையே உள்ள வெப்பநிலை வேறுபாட்டிற்கு ஏற்பவே வெப்பம் பாயும். செயலி தாங்கும் உச்சம் ஏறத்தாழ 100 பாகை எனக் கொள்வோர், 25 பாகை அறையில் அவ்வேறுபாடு 75 என்றும், 40 பாகை அறையில் 60 என்றும் காண்பர். அதாவது, புழுதியே படியாத புதுக் கணினியும் புத்தூர்க் கோடையில் குளிரும் திறனில் ஐந்தில் ஒரு பங்கை இழந்துவிடுகிறது. மடிக்கணினிகளுடன் வரும் கையேடுகள் பல, 35 பாகை வரையுள்ள சூழலில் பயன்படுத்துமாறு கூறுகின்றன. அப்படியானால் கோடை நண்பகலில் ஊர் முழுவதும் கையேட்டின் எல்லைக்கு வெளியே வாழ்கிறது! வெப்பத்தோடு அடைப்பும் சேரும்போது செயலி முதலில் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதுவும் போதாவிடில் கணினி தானே அணையும். பழுதென்று அஞ்சப்படும் அச்செயல் உண்மையில் தற்காப்பு.

திருப்புளியைத் தொடும் முன்னர்ச் செய்யத்தக்க சோதனைகள் சில உள்ளன. மெத்தையின்மேல் வைத்துப் பயன்படுத்தினால் அடிப்புறத் துளைகள் மூடிக்கொள்ளும். ஒரு மரப்பலகையின்மேல் வைத்துப் பார்க்கவேண்டும். எதையும் திறவாத நிலையிலும் விசிறி இரைந்தால், செயலியை ஓயாது உழைக்கவைக்கும் மென்பொருள் எது என்பதைக் கணினியின் பணி மேலாளர் காட்டும். அது பின்னணியில் இயங்கும் தீநிரலாக இருந்தால், உடலைத் திறப்பதால் நோய் தீராது. விசிறி இரைந்தும் வெளித்துளையில் காற்று வாராவிடில் அடைப்பு இருக்கிறது. காற்று நன்றாக வந்தும் அதில் சூடு இல்லை, செயலி மட்டும் கொதிக்கிறது என்றால், பசை உலர்ந்திருக்கக்கூடும். விசிறி சுழலவே இல்லையென்றால் அதனை மாற்றவேண்டும். கையும் காதும் செய்யும் இச்சோதனைக்குக் காசு தேவையில்லை. ஆயினும் பலர் இதனைச் செய்யாமலே நேரே திருகாணிகளைக் கழற்றத் தொடங்குகின்றனர். வீட்டுப் பழுதுபார்ப்புக்குக் கெட்டபெயர் வந்தது இவ்வகை அவசரத்தால்தான்.

திறப்பதென்று முடிவுசெய்தால் பொறுமையே முதற்கருவி. மின்னேற்றியை நீக்கிக் கணினியை முழுவதும் அணைக்கவேண்டும். கழற்றும் ஒவ்வொரு திருகாணியையும், ஒரு தாளில் பின்மூடியின் வடிவத்தை வரைந்து, அதனதன் இடத்தில் வைக்கவேண்டும். திருகாணிகளின் நீளம் ஒன்றுபோல் இராது; நீண்டதைக் குறுகிய துளையில் முறுக்கினால் உள்ளிருக்கும் மின்சுற்றுப் பலகை பழுதாகும். மூடி திறந்தவுடன் மின்கலத்தின் இணைப்பைக் கழற்றவேண்டும். விசிறியின் இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு, உலர்ந்த மென்தூரிகையால் பஞ்சை எடுக்கவேண்டும். பிடிக்காமல் காற்றை ஊதினால் விசிறி அளவுமீறிச் சுழன்று தேய்ந்துபோகும். பசையை மாற்றுவது இதனினும் நுட்பமானது. முதன்முறை திறப்பவர் பஞ்சை நீக்குவதோடு நின்று, பசை வேலையைப் பழகியவர் ஒருவர் அருகிருக்கும்போது கற்பது நல்லது.

தொடக்கூடாத இடமும் உண்டு. மின்கலம் உப்பித் தொடுபலகை மேலெழுந்திருந்தால் வேலையை அக்கணமே நிறுத்தவேண்டும். லித்தியம் அயனி மின்கலம் குத்துப்பட்டாலோ வளைந்தாலோ தீப்பற்றும். மேசைக்கணினியின் மின்வழங்கிப் பெட்டியும் அவ்வாறே. மின்னிணைப்பை நீக்கிய பின்னும் அதனுள் மின்னேற்றம் தங்கியிருக்கும்.

இந்த எல்லை புத்தூருக்குப் புதிதன்று. எலும்பு முறிவிற்குப் போடும் ‘புத்தூர் கட்டு’ இவ்வூரின் பெயரைத் தமிழகம் எங்கும் கொண்டு சென்றிருக்கிறது. மூலிகையும் முட்டையின் வெண்கருவும் துணியும் மூங்கில் பத்தையும் கொண்ட அக்கைத்தொழிலைத் தேடி வெளியூரார் இன்றும் வருகின்றனர். எளிய முறிவிற்கு அக்கட்டை நம்புவோர் பலர். ஆனால் தோல் கிழிந்து எலும்பு வெளிப்பட்ட முறிவிற்கு அறுவை மருத்துவமே வழி. கட்டு அளவிற்குமேல் இறுகினால் குருதியோட்டம் தடைப்பட்டு உறுப்பே அழுகக்கூடும் என மருத்துவர்கள் எச்சரிக்கின்றனர். எதனைத் தான் செய்வது, எதனை மருத்துவமனைக்கு அனுப்புவது என்று அறியாதவரிடம் கையைக் கொடுக்கலாகாது. மடிக்கணினியின் முன் அமர்பவரிடமும் எதிர்பார்க்கவேண்டிய அறிவு இதுவே. உப்பிய மின்கலத்தையும் கருகிய பலகையையும் கடைக்காரரிடம் ஒப்படைப்பதில் இழுக்கில்லை. பஞ்சை நீக்க வருவோர் குறைந்தாலும், அவருடைய உண்மையான தேர்ச்சிக்கு வேலை இருந்துகொண்டே இருக்கும்.

உரியவரே திறப்பதை விரும்பாத உற்பத்தியாளர்களின் போக்கு இதனினும் பெரிய தடை. மின்கலத்தைப் பசையால் ஒட்டுவதும், வழக்கமான திருப்புளிக்கு அடங்காத திருகாணிகளை இடுவதும், உதிரி பாகங்களை வெளியில் விற்காமையும் வளர்ந்துவிட்டன. முத்திரைத்தாள் கிழிந்தால் உத்தரவாதம் இல்லை எனும் எச்சரிக்கையும் உண்டு. அத்தகைய எச்சரிக்கை சட்டத்திற்கு ஒவ்வாது என 2018இல் அமெரிக்காவின் வணிக ஆணையம் சில நிறுவனங்களுக்கு எழுதியது. பிரான்சில் 2021 முதல், ஒரு மடிக்கணினி எவ்வளவு எளிதாகப் பழுதுபார்க்கத்தக்கது என்பதற்குப் பத்துக்கு இத்தனை மதிப்பெண் என்று வாங்குவோருக்குக் காட்டவேண்டும். இந்தியாவில் நுகர்வோர் நலத்துறை 2022 சூலையில் பழுதுபார்க்கும் உரிமைக்கென ஒரு குழுவை அமைத்தது; அவ்வாண்டு திசம்பர் 24, தேசிய நுகர்வோர் நாளில், அதற்கான இணையவாயில் திறக்கப்பட்டது. சேவை மையங்களின் முகவரியும் கையேடும் ஓரிடத்தில் கிடைப்பது பயனே. ஆனால் முகவரிப் பட்டியல் உரிமையாகிவிடாது. பெட்டியின்மேல் அச்சிட்ட ஓர் எண்ணைப் பார்த்து, இதனைத் திறக்கலாம், அதனைத் திறக்க இயலாது என்று வாங்கும்போதே ஒரு நெசவாளி முடிவுசெய்யும் நிலை வரவேண்டும். நாற்பது பாகை வெயிலில் ஆண்டுக்கு ஒருமுறையேனும் திறக்கவேண்டிய கருவிக்கு, விலையைப்போலவே அந்த எண்ணும் முதன்மையானது.

பள்ளி இதற்காகச் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. கணினியின் உறுப்புகளைப் படத்தில் குறிக்கவும் நிரல் எழுதவும் பயின்ற மாணவர் பலர், அவ்வுறுப்புகளை ஒருமுறையும் கண்ணால் கண்டதில்லை. ஆய்வகத்தில் கழித்து ஒதுக்கிய மடிக்கணினி ஒன்று, மின்கலம் நீக்கப்பட்டு, ஆசிரியர் மேற்பார்வையில் மாணவர் கைக்கு வந்தால் போதும். ஒரு சிறு திருப்புளித் தொகுப்பு, ஒரு தூரிகை, ஒரு வெள்ளைத்தாள், இரண்டு பாடவேளை இவற்றைத் தவிர வேறு செலவில்லை. பங்குனியில் அதனைச் செய்துவிட்டால், கோடை விடுமுறைக்கு வீடு செல்லும் மாணவருக்கு வீட்டுக் கணினியின் வெளித்துளையில் கையை வைத்துக் காற்று வருகிறதா என்று பார்க்கத் தெரிந்திருக்கும்.