மக்களைத் தேடி வரும் மருத்துவம் சேரியின் வாசலைத் தாண்டுகிறதா?

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் தொடங்கப்பட்டது. இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் உரிய மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுப்பதும், படுக்கையில் கிடப்போருக்கு நோய் ஆதரவுச் சிகிச்சையும் இயன்முறைச் சிகிச்சையும் அளிப்பதும் இதன் பணிகள். 2022 டிசம்பர் 29 அன்று திருச்சி மாவட்டம் சன்னாசிப்பட்டியில் 1 கோடியாவது பயனாளிக்கு மருந்துப் பெட்டகம் வழங்கப்பட்டது. 2024இல் ஐக்கிய நாடுகள் அவையின் விருதும் கிடைத்தது.

இத்திட்டத்தை நாம் வரவேற்கிறோம். ஒரு நாள் கூலியை இழந்து, பேருந்துக்குக் காசு கொடுத்து, மருத்துவமனை வரிசையில் நின்று மாத்திரை வாங்கியவர்களுக்கு இது பெரும் ஆறுதல். வரவேற்பதாலேயே, இதன் வெற்றி எவ்வாறு அளக்கப்படுகிறது என்றும் கேட்கிறோம்.

2020இல் தமிழ்நாட்டில் நடந்த ஸ்டெப்ஸ் ஆய்வின்படி, உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்களில் 7.3 விழுக்காட்டினருக்கே அது கட்டுக்குள் இருந்தது, நீரிழிவில் 10.8 விழுக்காட்டினருக்கு. 2023-24 ஆய்வில் இவை முறையே 17 ஆகவும் 16.7 ஆகவும் உயர்ந்தன. இது மெய்யான முன்னேற்றம். ஆயினும், ஆறில் ஐவருக்கு நோய் இன்னும் கட்டுக்குள் வரவில்லை என்பதையும் இதே எண்கள் சொல்கின்றன. அந்த ஐவர் யார்? எந்தத் தெருவில் வாழ்கிறார்கள்? பயனாளிகளின் மொத்த எண்ணிக்கை எத்தனை கோடியைத் தொட்டாலும், அது இக்கேள்விக்கு விடை தராது.

இக்கேள்வியைக் கேட்கக் காரணம் இருக்கிறது. 11 மாநிலங்களில் 565 கிராமங்களை ஆராய்ந்து 2006இல் வெளியான, கிராமப்புறத் தீண்டாமை குறித்த ஆய்வு நூல் ஒன்று, அவற்றில் 33 விழுக்காடு கிராமங்களில் பொதுச் சுகாதாரப் பணியாளர்கள் தலித் வீடுகளுக்குச் செல்ல மறுத்ததைப் பதிவு செய்தது. குஜராத், ராஜஸ்தான் கிராமங்களில் தலித் குழந்தைகளிடையே சங்கமித்ரா ஆச்சார்யா நடத்திய ஆய்வு 2010இல் வந்தது. தொடாமல் பார்ப்பதும், மருந்தைக் கையில் படாமல் கொடுப்பதும் அக்குழந்தைகளின் அனுபவமாக அதில் வெளிப்பட்டன.

இவை பழைய ஆய்வுகள். இத்திட்டத்தைப் பற்றியவை அல்ல. ஆனால் வாசலைத் தாண்டுவதையே உயிர்நாடியாகக் கொண்ட ஒரு திட்டம், எந்த வாசல் தாண்டப்படவில்லை என்பதை ஆராயாமல் விடலாகாது. ஊரும் சேரியும் இன்றும் தனித்தனியாக இருக்கும் நிலம் இது. இரத்த அழுத்தம் பார்க்க வேண்டுமெனில் கையைத் தொட்டாக வேண்டும். ஊர்த்தெருவைச் சேர்ந்த பெண் சுகாதாரத் தன்னார்வலர் சேரிக்குள் வந்து, வீட்டில் அமர்ந்து, கையில் பட்டையைச் சுற்றி அளக்கிறாரா? அல்லது எல்லோரையும் ஓரிடத்துக்கு வரச்சொல்லி மாத்திரை அட்டையைக் கொடுத்துவிட்டுத் திரும்புகிறாரா? தன்னார்வலரே தலித் பெண்ணாக இருந்தால், ஊர் வீடுகள் அவரைத் திண்ணைக்கு அப்பால் அனுமதிக்கின்றனவா? பதிவேட்டில் இவை அனைத்தும் 'வழங்கப்பட்டது' என்ற ஒரே சொல்லாகிவிடும்.

நேரமும் ஒரு தடைதான். விடியலிலேயே வயலுக்கும் தூய்மைப் பணிக்கும் போய்விடுகிறவரின் கதவைப் பத்து மணிக்குத் தட்டினால் அது பூட்டித்தான் இருக்கும். பூட்டிய கதவு, திட்டம் அடையாத ஒரு நோயாளி.

புதிய மருத்துவ நடைமுறைகளை மதிப்பிட 1999இல் முன்வைக்கப்பட்ட 'ரீ-எய்ம்' என்னும் அளவுகோல் ஐந்து கேள்விகளைக் கேட்கிறது: யாரைச் சென்றடைந்தது, என்ன பலன் தந்தது, யார் ஏற்று நடத்தினர், திட்டமிட்டபடி நடந்ததா, நீடிக்கிறதா. இவற்றில் முதலாவதும் நான்காவதும் நம் மண்ணில் சாதியைத் தொடாமல் விடை காண முடியாத கேள்விகள்.

ஆகவே நாம் கோருவது மூன்று. முதலாவது, பயனாளிகள் விவரமும் நோய்க் கட்டுப்பாட்டு விவரமும் சாதிவாரியாக, குடியிருப்புவாரியாக வெளியிடப்பட வேண்டும். 2011 கணக்கெடுப்பின்படி மாநில மக்கள்தொகையில் பட்டியல் சாதியினர் 20 விழுக்காடு. பலனிலும் அந்தப் பங்கு இருக்கிறதா என்பது தெரிய வேண்டும். இரண்டாவது, நூறு நாள் வேலைத் திட்டத்துக்கு வகுக்கப்பட்டதுபோல் இதற்கும் சமூகத் தணிக்கை வேண்டும். அது சேரியிலேயே, கூலிக்குப் போனவர்கள் திரும்பிய பின் நடக்க வேண்டும். மூன்றாவது, ஒவ்வொரு குடியிருப்பிலிருந்தும் தன்னார்வலர்கள் தேர்ந்தெடுக்கப்பட வேண்டும். பாகுபாட்டுக்கு உள்ளாகும் தன்னார்வலரும் நோயாளியும் அச்சமின்றி முறையிட வழி வேண்டும்.

தீண்டாமையின் பேரால் மருத்துவமனைக்குள் ஒருவரை அனுமதிக்க மறுப்பதை 1955ஆம் ஆண்டின் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் குற்றமாக்கியது. அன்று நோயாளி மருத்துவமனை வாசலில் நின்றார். இன்று மருத்துவம் நோயாளியின் வாசலைத் தேடி வருகிறது. அது எந்தத் தெரு முனையில் நின்றுவிடுகிறது என்பதையும் கணக்கெடுத்தால்தான் மதிப்பீடு முழுமை பெறும்.