கொல்லிமலைக்கு வழிகாட்டுவார் யார்?



தன் பாட்டன் கட்டிய வீட்டைக் காண ஒருவன் பணங்கொடுத்துச் சீட்டு வாங்குகின்றான். அங்கு நிற்கும் வேற்றாள் ஒருவன் அறை அறையாக அழைத்துச் சென்று, பாட்டன் பெயரைத் தவறாகச் சொல்லி, பாட்டி பெயரை அறவே மறைத்து, அடுப்பங்கரையைக் காட்டி 'இங்கே நின்று படம் எடுத்துக் கொள்ளுங்கள்' என்கின்றான். வீட்டுக்குரியவனோ மகிழ்ந்து கைதட்டி விட்டுத் திரும்புகின்றான். இப்படி ஒருவன் உண்டா என்று நகைக்கின்றீர்களா? நகைக்க வேண்டா. அவன் நாம்தாம்.

அண்மையில் ஒரு விடுமுறை நாளில், பிள்ளைகளின் விருப்பத்திற்காக ஒரு சுற்றுலாக் குழுமத்தாரின் பேருந்தில் கொல்லிமலைக்குச் சென்று வந்தோம். விடியலில் கிளம்பி இரவில் திரும்பும் ஒருநாட் செலவு. நாற்பது பேர். அனைவரும் தமிழர். வழிகாட்டியாக வந்த இளைஞரும் தமிழர். ஆயின், காரவள்ளி அடிவாரத்தில் பேருந்து ஏறத் தொடங்கியது முதல் அவர் ஒலிவாங்கியில் பேசிய மொழி எம்மொழி என்று எமக்கு இன்றுவரை விளங்கவில்லை. 'செவன்டி ஹேர்பின் பெண்ட்ஸ்', 'வியூ பாயிண்ட்', 'ரிசர்வ் பாரஸ்ட்', 'பைவ் மினிட்ஸ் போட்டோ ஸ்டாப்' என்று அடுக்கிக்கொண்டே சென்றார். எழுபது வளைவுகளையும் எண்ணிக் காட்டிய அவர், அவ்வளைவுகள் எவன் மலையில் ஏறுகின்றன என்பதை மட்டும் ஒருமுறையேனும் சொன்னாரில்லை.

செம்மேட்டில் ஓரியின் சிலைமுன் பேருந்து நின்றது. எம்முடன் வந்த சிறுமி ஒருத்தி, "இவர் யார்?" என்று வழிகாட்டியை வினவினாள். "பழைய ராஜாம்மா, வில்லில் சூப்பர் ஹீரோ" என்று விடை வந்தது. அவ்வளவே. தேநீர் குடிக்கக் கொடுத்த இருபது மணித்துளிகளில் வல்வில் ஓரிக்கு அரை மணித்துளி!

யார் இந்த ஓரி? கடையெழு வள்ளல்களுள் ஒருவன். ஒரே அம்பினால் யானையை வீழ்த்தி, புலியையும் மானையும் பன்றியையும் துளைத்து, புற்றிலிருந்த உடும்பிலும் அவ்வம்பைத் தைக்க வைத்தவன் என்று வன்பரணர் பாடிய பாட்டுப் புறநானூற்றில் 152-ஆம் பாட்டாக நிற்கின்றது. அந்தப் பாட்டில் வில்லாண்மையைவிட உயர்ந்த ஒன்று உண்டு. காட்டில் தன்னைக் கண்ட பாணர் கூட்டம் தன் பெயரைச் சொல்லிப் புகழ்ந்தபோது ஓரி நாணினான். நாணியபின் ஊனும் தேறலும் மலையிற் பிறந்த பொன்னும் மணியும் வாரிக் கொடுத்தான். தன் பெயரைத் தானே கேட்க நாணியவன் அவன். அவன் பெயரைச் சொல்லவே நாணுகின்றவர் நாம்! திருமுடிக்காரி அவனைக் கொன்று கொல்லியைச் சேரனுக்குக் கொடுத்தான் என்று அகநானூறு பேசுகின்றது. காரி ஓரியின் உயிரைத்தான் பறித்தான். பெயரைப் பறிக்கும் பணியை இன்று நாமே செய்து முடிக்கின்றோம்.

பெயர்ப்பறிப்பு ஆங்கிலத்தால் மட்டும் நிகழ்வதன்று. அருவிக்குப் போனோம். ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்கினால் ஏறத்தாழ 300 அடி உயரத்திலிருந்து ஐயாறு கொட்டுகின்றது. ஐந்து ஓடைகள் கூடுவதால் ஐயாறு என்பர். எத்துணை எளிய, பொருள் நிறைந்த பெயர்! அதன்மேல் 'ஆகாய கங்கை' என்று வடமொழிப் பலகை. தமிழ்நாட்டு மலையில் பிறந்து, தமிழ்நாட்டு மண்ணை நனைத்து, காவிரிப் பக்கம் இறங்கும் ஆற்றுக்கு வடநாட்டு ஆற்றின் பெயர் எதற்கு? அருவிக்கு மேலே கோயில். அறப்பள்ளி என்பது அதன் பெயர். அதனோடு 'ஈசுவரர்' ஒட்டி, 'அறப்பளீசுவரர்' ஆகி, ஆங்கில எழுத்தில் ஏறி இறங்கி, இன்று வழிகாட்டியின் வாயில் 'அரப்பலீஸ்வரர்' என்று சிதைந்து கிடக்கின்றது. அறமும் போயிற்று, பள்ளியும் போயிற்று. மிஞ்சியது ஒட்டு மட்டுமே.

இவற்றினும் எம்மைச் சுட்டது மற்றொன்று. கோயில் வாயிலில் பலாச்சுளையும் மிளகும் விற்றுக்கொண்டிருந்தார் மலைவாழ் மூதாட்டி ஒருவர். அவர் 'மலையாளி' என்று கேள்வியுற்ற எம் பேருந்து நண்பர் ஒருவர், "கேரளத்திலிருந்து எப்போது வந்தீர்கள்? தமிழ் நன்றாகப் பேசுகின்றீர்களே!" என்று பாராட்டினார். மூதாட்டி அவரை ஏற இறங்கப் பார்த்தார். "மலையை ஆளுறதால மலையாளி, அய்யா. எங்களுக்குத் தமிழ் விட்டா வேற பேச்சு ஏது?" என்றார். படித்த நண்பர் தலைகுனிந்தார். வழிகாட்டி கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். காஞ்சியிலிருந்து வந்து மலையேறியவர்கள் தாங்கள் என்பது அம்மக்களின் வழிவழிச் செய்தி. தமிழே பேசி, தமிழாகவே வாழும் ஒரு குடியை, அதன் பெயரின் பொருள் அறியாக் கரணியத்தால், அயலாராக்கி விட்டு வந்தோம். இதைவிடப் பெரிய இழப்பு எது?

மாலையில் காப்புக்காட்டின் ஓரமாகத் திரும்பினோம். 'மரம், விலங்கு, குப்பை போடாதீர்' என்றார் வழிகாட்டி. நல்ல சொல்தான். ஆயின், காட்டின் வரலாறு அதனோடு முடிவதில்லை. 1882-இல் சென்னை மாநிலத்துக்கென ஆங்கிலவர் இயற்றிய காட்டுச் சட்டத்தின் வழியே இத்தகைய காடுகள் கோடு கிழித்து ஒதுக்கப்பட்டன. காலங்காலமாக அங்கே தேனும் கிழங்கும் எடுத்தவர்கள் ஒருநாள் விடிந்தபோது தம் காட்டிலேயே குற்றவாளிகளாயினர். அவர்தம் உரிமையை ஓரளவேனும் ஒப்புக்கொள்ள 2006-ஆம் ஆண்டுச் சட்டம்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. விறகு பொறுக்கியவரைத் தடுத்த அதே மலையில், அலுமினியம் எடுக்கும் கனிமத்திற்காக மண்ணை வெட்டி அள்ளவும் இடம் தரப்பட்டது. சாமையும் தினையும் கேழ்வரகும் விளைந்த சரிவுகளில், மாவாலைகளுக்குப் போகும் மரவள்ளி பரவிற்று. இவற்றுள் ஒன்றையும் சொல்லாமல் காடு காட்டுவது, நோயாளியின் சட்டையை மட்டும் காட்டுவது போன்றது.

'வெளிமாநிலத்தாரும் வெளிநாட்டாரும் வருகின்றனர், ஆங்கிலம் வேண்டாவா?' என்பார் சிலர். வருவார்க்கு அவர்தம் மொழியில் விளக்குங்கள், மறுப்பாரில்லை. ஆயின் ஐயாற்றை ஐயாறு என்றே எம்மொழியிலும் சொல்லலாமே! பெயர் மொழிபெயர்ப்புக்கு உரியதன்று. அன்றியும், நாற்பது தமிழர் அமர்ந்த பேருந்தில் ஆங்கிலம் யாருக்காக? 'பெயரில் என்ன இருக்கின்றது? ஊர் பார்த்தால் போதாதா?' என்பார் வேறு சிலர். 'மலையாளி' என்னும் ஒரு பெயரின் பொருள் தெரியாமையால் ஒரு மூதாட்டி தம் மண்ணிலேயே அயலாரானது போதாதா, பெயரில் என்ன இருக்கின்றது என்று காட்ட?

அந்த இளைஞரை யாம் பழிக்கவில்லை. நாட்கூலிக்குக் காலைமுதல் இரவுவரை தொண்டை கிழியப் பேசும் பிள்ளை அவர். பள்ளியில் அவருக்கு ஓரியைச் சொல்லாதது யார் குற்றம்? ஆடித் திங்கள்தோறும் அரசு வல்வில் ஓரி விழா எடுக்கின்றது, மேடையில் முழங்குகின்றனர், மறுநாள் பலகையில் பழைய வடமொழியும் ஆங்கிலமுமே நிற்கின்றன. நம்மவர் மட்டும் குறைவா? ஓரியைப் பற்றி ஒன்றரை மணிநேரம் சொற்பொழிவாற்றும் நம் தோழர்களுள் கொல்லிமலையில் காலூன்றி அம்மக்களிடம் ஓடைகளின் பெயரையும் மரங்களின் பெயரையும் கேட்டெழுதியவர் எத்துணைப் பேர்? நம்மையும் சேர்த்தே சொல்கின்றோம்.

ஆகவே வேண்டுவன இவை: ஒன்று, அருவிக்கும் பாறைக்கும் கோயிலுக்கும் மலைமக்கள் வழங்கும் பெயரே பலகையில் முதலில் நிற்றல் வேண்டும். இரண்டு, வழிகாட்டும் பணி முதலில் அம்மலையிலேயே பிறந்த இளைஞர்க்கு, உரிய பயிற்சியோடும் கூலியோடும், தரப்படல் வேண்டும். மூன்று, நம் மன்றங்கள் ஒவ்வொன்றும் ஆண்டுக்கொருமுறை ஒரு மலையேறி, அங்குள்ள பெயர்களைத் தொகுத்து வருதல் வேண்டும். பொருட்செலவு மிகாத பணிகள். உள்ளச் செலவு மட்டுமே வேண்டுவன.

அதுவரை, தமிழ் மக்களே, இதையேனும் செய்யுங்கள். அடுத்தமுறை பிள்ளைகளோடு மலையேறும்போது புறநானூற்றை உடன் கொண்டு செல்லுங்கள். எழுபது வளைவுகள் ஏறி முடிப்பதற்குள் ஓரியின் பாட்டைப் பொருளோடு படித்துக் காட்டிவிடலாம். பிறகு செம்மேட்டில் "இவர் யார்?" என்று எவரேனும் வினவினால், ஒலிவாங்கி விடை சொல்ல வேண்டியதில்லை. உங்கள் பிள்ளை சொல்லும்.