உங்க ரூட்டர் சரியில்லை சார்!

ஸ்மார்ட் பல்பு, ஸ்மார்ட் ப்ளக், கேமரா என்று எதையாவது வாங்கி, அது வைஃபையோடு சேராமல் அடம்பிடித்து, கஸ்டமர் கேருக்குப் போன் போட்டவர்களுக்கு மேலே உள்ள வாக்கியம் மனப்பாடம் ஆகியிருக்கும். எனக்கு இங்கே புனேயில் இந்தியிலும் ஆங்கிலத்திலும் சொல்லிவிட்டார்கள். அதே ரூட்டரில் ரெண்டு லேப்டாப் ஓடுகிறது, மூணு போன் ஓடுகிறது, டிவியில் படம் ஓடுகிறது. ஒரே ஒரு பல்பு மட்டும் சேரவில்லை என்றால் தப்பு ரூட்டர் மேல்! நல்லா இருக்குய்யா உங்க நியாயம்.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். போன மழைக்காலத்தில் அப்பா கும்பகோணத்திலிருந்து வந்திருந்தார். வயது எழுபத்தாறு. ராத்திரி பாத்ரூம் போக வசதியாக இருக்கட்டுமே என்று நடையில் ஒரு ஸ்மார்ட் பல்பு போட்டிருந்தேன். பத்து மணிக்குத் தானாக மங்கலாக எரியும், காலையில் அணையும். ஒரு நாள் ராத்திரி மழையில் கரண்ட் விட்டுவிட்டு நாலைந்து தடவை வந்து போனது. ரெண்டு மணிக்கு எழுந்த அப்பா நடைக்கு வந்தால் பல்பு படபடவென்று மினுக்கிக்கொண்டிருக்கிறது. தரை தெரிகிறது, மறைகிறது, தெரிகிறது. சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார். நல்லவேளை, விழவில்லை.

ஏன் மினுக்கியது? இந்த ரக பல்புகளில் ரீசெட் பொத்தான் கிடையாது. சுவிட்சை மூன்று தடவையோ ஐந்து தடவையோ வேகமாகப் போட்டு அணைத்தால் பழைய நெட்வொர்க்கை மறந்துவிட்டு, "என்னைச் சேர்த்துக்கொள்" என்று மினுக்க ஆரம்பிக்கும். சுவிட்சைப் போட்டது மனுஷனா மின்வாரியமா என்று அதற்குத் தெரியாது. கரண்ட் விட்டுவிட்டு வரும் ஊரில் விற்கிற சாமானை இப்படி வடிவமைத்த புண்ணியவானை நான் ஒருமுறை சந்திக்க ஆசைப்படுகிறேன்.

மறுநாள் ஞாயிறு. திரும்பச் சேர்க்க உட்கார்ந்தேன். ஆறு மணி நேரம். ஆப்பை அழித்துப் போட்டேன், ரூட்டரை அணைத்துப் போட்டேன், பாஸ்வேர்டை மாற்றினேன். ஒவ்வொரு தடவையும் நூறு சதவீதம் வரை போவது போலப் போய்விட்டு, "இணைக்க முடியவில்லை, மீண்டும் முயலவும்". ஏன் முடியவில்லை? சொல்லாது. கஸ்டமர் கேர்? தலைப்பைப் பார்க்கவும். புது ரூட்டர் வாங்கச் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

அப்போதுதான் பொறி தட்டியது. ஒரு வருஷம் முன்னால் இதே பல்பை இதே ரூட்டரில் இதே பாஸ்வேர்டில்தானே சேர்த்தேன்? மாறியது ஒன்றே ஒன்று, என் போன். மேஜை டிராயரில் கிடந்த பழைய போனை எடுத்து சார்ஜ் போட்டு முயன்றேன். நாற்பதே விநாடி. சேர்ந்துவிட்டது!

விஷயம் இதுதான். இந்தப் பல்பு, ப்ளக்குகளில் பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும் கேட்கும். அதற்கான சில்லு மலிவு, அலையும் சுவரைத் தாண்டி நன்றாகப் போகும். அதில் எனக்குச் சண்டையில்லை. ஆனால் புளூடூத் இல்லாத மலிவு ரகங்களில் சேர்க்கும் வித்தை எப்படி என்றால், போன் உங்கள் வைஃபை பெயரையும் பாஸ்வேர்டையும் தான் அனுப்பும் பாக்கெட்டுகளின் நீளத்தில் ஒளித்துக் காற்றில் விடும். பல்பால் பாக்கெட்டைப் பிரித்துப் படிக்க முடியாது, ஆனால் நீளத்தை அளக்க முடியும். அதை வைத்துப் பாஸ்வேர்டைக் கண்டுபிடித்துக்கொள்ளும். சாமர்த்தியம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் போன் 5 கிகாஹெர்ட்ஸில் உட்கார்ந்திருந்தால் அது பேசுவது பல்பின் காதில் பெரும்பாலும் விழாது. இன்றைய ரூட்டர்கள் இரண்டு அலைவரிசைக்கும் ஒரே பெயர் வைத்து, நல்ல போனை 5-க்குத் தள்ளிவிடுகின்றன. என் பழைய போனுக்கு 2.4 மட்டும்தான் தெரியும். அதனால் வேலை முடிந்தது. ரூட்டர் பாவம், அது அதன் வேலையைச் சரியாகத்தான் செய்தது.

இதே மாதிரி இன்னும் சில இடங்களில் மாட்டலாம். யாருக்காவது ஒரு ஞாயிறு மிச்சமாகட்டும்:

1. சேர்க்கும் பத்து நிமிஷத்துக்கு ரூட்டரில் 5-ஐ அணைத்துவிடுங்கள். அப்புறம் போட்டுக்கொள்ளலாம்.

2. பாதுகாப்பு டபிள்யூ.பி.ஏ.3 மட்டும் என்று இருந்தால் பழைய சாமான்கள் சேராது. டபிள்யூ.பி.ஏ.2-வும் சேர்ந்த கலப்பு முறைக்கு மாற்றுங்கள். அதுவும் சரிவராவிட்டால் டபிள்யூ.பி.ஏ.2.

3. ஃபைபர்காரர் கொடுத்த பெட்டி ஒன்று, நீங்கள் வாங்கிய ரூட்டர் ஒன்று என்று ரெண்டு இருந்தால் வீட்டில் ரெண்டு நெட்வொர்க் ஓடிக்கொண்டிருக்கலாம். பல்பு ஒன்றில், போன் இன்னொன்றில். ஒன்றில் வைஃபையை அணையுங்கள், அல்லது உங்கள் ரூட்டரை ஆக்சஸ் பாயிண்ட் முறையில் வையுங்கள்.

4. கெஸ்ட் வைஃபையில் சேர்க்காதீர்கள். அதிலிருக்கும் சாமான்கள் ஒன்றையொன்று பார்க்காதபடி தடுப்பதுதான் பெரும்பாலும் அதன் வேலையே.

5. போனில் ஆபீஸ் வி.பி.என். ஓடினால் நிறுத்துங்கள். ஐபோன் என்றால், 2020-ல் வந்த ஐ.ஓ.எஸ். 14 முதல் லோக்கல் நெட்வொர்க் அனுமதி தனியாகத் தரவேண்டும். சாமானே தற்காலிக வைஃபை போடும் ரகம் என்றால் மொபைல் டேட்டாவை அணையுங்கள். இல்லாவிட்டால் "இந்த வைஃபையில் இன்டர்நெட் இல்லையே" என்று போன் நழுவிவிடும்.

6. ரூட்டர் சேனல் 12, 13-ல் இருந்தால் 1, 6, 11 ஒன்றுக்கு மாற்றுங்கள். சில சாமான்களுக்குப் பதினொன்றுக்கு மேல் எண்ணத் தெரியாது.

நிற்க. இந்தப் பட்டியலை நான் ஏன் எழுதவேண்டும், நீங்கள் ஏன் படிக்கவேண்டும்? நான் பொட்டி தட்டிப் பிழைப்பவன், எனக்கே ஆறு மணி நேரம். பக்கத்து ஃபிளாட் மாமிக்கு? பாஸ்வேர்டு தப்பா, நெட்வொர்க்கே கண்ணில் படவில்லையா, சேர்ந்தபிறகு கம்பெனி சர்வர் கிடைக்கவில்லையா என்பதெல்லாம் அந்தச் சில்லுக்குத் தனித்தனியாகத் தெரியும். தெரிந்தும் வாய் திறக்காது. பேசத்தான் வழியில்லை, ஒவ்வொரு தப்புக்கும் ஒரு நிறத்தில் மினுக்கலாமே? அதுவே பல்புதானே ஐயா! ஒரு கோடியே அறுபது லட்சம் நிறம் என்று பொட்டியில் பெருமை வேறு.

சொல்லாமல் இருப்பதில் லாபம் இருக்கிறது. கோளாறு என்று ஒப்புக்கொண்டால் மாற்றித் தரவேண்டும். "உங்க ரூட்டர்" என்றால் செலவு நம்முடையது. ரிப்பேர் கூலியும் நம்முடையது, சம்பளம் இல்லாமல். சேர்த்த பிறகாவது நம்முடையதா? பல சாமான்கள் கம்பெனி சர்வரைக் கேட்டுத்தான் நம் வீட்டு விளக்கையே போடுகின்றன. ரிவால்வ் என்ற பெட்டியை அதை வாங்கிய நெஸ்ட் நிறுவனம் 2016-ல் நிறுத்தியது. காசு கொடுத்து வாங்கியவர்கள் கையில் பிளாஸ்டிக் மிஞ்சியது. 2022 ஏப்ரலில் இன்ஸ்டியானின் சர்வர்கள் முன்னறிவிப்பே இல்லாமல் படுத்தன. அந்த வாடிக்கையாளர்களின் ரூட்டர்களுக்கு ஒரு குறையும் இல்லை.

"அதான் மேட்டர் வந்துவிட்டதே" என்பார்கள். 2022 அக்டோபரில் வந்தது, நல்ல முயற்சி, வீட்டுக்குள்ளேயே பேசிக்கொள்ளும். வாழ்க. ஆனால் கடையில் மலிவாகக் குவிந்திருப்பதில் பாதிக்கு மேல் எது என்று போய்ப் பாருங்கள்.

பிஸ்கட் பாக்கெட்டில்கூட விலை, தயாரித்தவர் முகவரி, புகார் சொல்ல எண் போடவேண்டும் என்று இந்த நாட்டில் விதி இருக்கிறது. பிரிட்டனில் 2024 ஏப்ரல் முதல், இப்படிப்பட்ட சாமான்களுக்கு எவ்வளவு காலம் பாதுகாப்பு அப்டேட் தருவோம் என்று விற்பவர் சொல்லியே ஆகவேண்டும். நான் கேட்பது மூன்றே வரி, எறும்பு எழுத்தில் இல்லாமல், பொட்டியின் முன்பக்கத்தில்: எந்த அலைவரிசை, எந்தப் பாதுகாப்பு முறையில் சேரும்? இன்டர்நெட் இல்லாமல் வேலை செய்யுமா? எத்தனை வருஷம் சர்வரை ஓட்டுவீர்கள்? இந்த மூன்றுக்கும் பதில் இல்லாத சாமானை வாங்காதீர்கள். வாங்கிவிட்டால் திருப்பி அனுப்புங்கள், காரணத்தில் "என் ரூட்டர் நன்றாக இருக்கிறது" என்று எழுதுங்கள்.

அன்று சாயங்காலம் பல்பு எரிந்ததை அப்பாவிடம் பெருமையாகக் காட்டினேன். ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அதெல்லாம் சரிடா. சுவிட்சைப் போட்டா எரியற பல்பு ஒண்ணு வாங்கிண்டு வா."

நடையில் இப்போது எரிவது அதுதான். கரண்ட் எத்தனை தடவை போய் வந்தாலும் அதற்கு யாரையும் மறப்பதில்லை.